கருவாட்டுக் கட்டும் ஒரு பிடிப் பயறும்

என் வலதுகைச் சதை மூத்திரத்தோடு கரைந்து போய்க்கொண்டிருக்கிறது என்று நான் நம்பினேன். லேசான சந்தேகம் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணால் பார்த்தேன் என்று கோயில் நடையில் நின்று சத்தியம் பண்ணவும் தயாராக இருந்தேன். நாற்பது வயதைத் தாண்டியவன், மீசை வைத்தவன், சந்தையில் நாலு பேருக்குப் புத்தி சொல்லித் திரிந்தவன். ஏழெட்டு வருஷம் கழித்து இப்போது அந்த ஆளை நினைத்தால், பிடித்து உட்காரவைத்துத் தலையில் ஒரு குடம் பச்சைத்தண்ணீரைக் கவிழ்க்கத் தோன்றுகிறது.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நம் பக்கமெல்லாம் அப்போது திருவனந்தபுரத்தைப் பார்த்துத்தான் கைகூப்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது கண்ணிமை இரண்டும் பணியாரம்போல உப்பியிருந்தன. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. விழுந்த குழி எழுந்து வர மனமில்லாமல் அப்படியே கிடந்தது. என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "ராத்திரி யாருக்கும் தெரியாம கள்ளு குடிச்சியளோ?" என்று கேட்டாள். அது ஒன்றைத்தான் நான் செய்யவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரியில் அப்போதிருந்த டாக்டர் குள்ளமான மனிதர். மருந்தைவிடக் கசப்பான வாய். என்னை ஒரு கண்ணாடிக் குழாயில் மூத்திரம் பிடித்து வரச்சொன்னார். அதை ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கினார். தெளிவாக இருந்த நீர், திரிந்த பால்போல வெள்ளை வெள்ளையாய்த் திரண்டது. கோழிமுட்டை வெள்ளையை வெந்நீரில் உடைத்து ஊற்றினால் எப்படியிருக்கும், அப்படி.

"பாத்தீரா?" என்றார். "ஒடம்பில நிக்கவேண்டிய சத்தாக்கும் இது. கிட்னி பழுதானதினால ஒழுகிப் போவுது. மீன், கருவாடு, இறைச்சி, முட்டை, பால், மோர், ஒண்ணும் தொடப்பிடாது. உப்பு அறவே வேண்டாம். சோறு, மரச்சீனி, காய், கீரை, தேங்கா எல்லாம் வயிறு நெறையத் தின்னும். பயறு நாளைக்கு ஒரு பிடி. வீக்கம் வத்துத வரைக்கும் படுத்துக்கிடும். வத்தின பெறவு எழும்பிப் பைய வேலையப் பாரும்."

"டாக்டரே, நான் கருவாட்டு வியாவாரியாக்கும்."

"அப்பம் கருவாட்டை வித்துக்கிடும். தின்னாண்டாம்."

அவர் சொன்னதில் 'ஒழுகிப் போவுது' என்பதும் 'படுத்துக்கிடும்' என்பதும்தான் என் காதில் விழுந்தன. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே உதிர்ந்துவிட்டது. என் கண்ணுக்கு முன்னால் அந்தக் கண்ணாடிக் குழாய் மட்டும் நின்றது. வெள்ளையாய்த் திரண்டு கிடந்தது வேறென்ன, என் புஜம்தானே?

இந்தக் கை எனக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவேண்டும். கடியப்பட்டணத்துக் கரையில் கருவாடு வாங்கித் தக்கலையிலும் குலசேகரத்திலும் சந்தை நாளில் விற்பது என் தொழில். நான் வாங்குகிற இடத்தில் கருவாட்டைத் தராசில் போடுகிற பழக்கம் கிடையாது. பனையோலைப் பாயில் சுருட்டி, கயிறு போட்டு இறுக்கி, கட்டுக்கட்டாக மணலில் வைத்திருப்பார்கள். பாயெல்லாம் ஒரே அளவு. கட்டை அவிழ்த்துப் பார்க்கக் கூடாது, அவிழ்த்தால் அது அவிழ்த்தவன் சரக்கு. வாங்குகிறவன் ஒரு கையால் கயிற்றைப் பிடித்து இடுப்புமட்டும் தூக்கவேண்டும். ஒரு மூச்சு நேரம் நிறுத்தவேண்டும். கீழே வைத்துவிட்டு ஒரே வார்த்தை சொல்லவேண்டும், காய்ந்தது என்று அல்லது ஈரம் என்று.

காய்ந்த கட்டின் கனம் கைப்பிடியிலேயே நின்றுகொள்ளும். ஈரக் கட்டின் கனம் முழங்கையைத் தாண்டித் தோள்பட்டைக்கு ஏறும். ஈரத்தைக் காய்ந்தது என்று வாங்கிப் போனவனுக்கு அடுத்த சந்தைக்குள் புழு வைத்துவிடும். காய்ந்ததை ஈரம் என்று சொன்னவன் பாடு இதைவிட மோசம். விற்கிறவள் கயிற்றை அறுத்துக் காட்டி அது காய்ந்ததுதான் என்று நிரூபித்துவிட்டால், அதற்குப் பிறகு அவன் முன்வரிசையில் நிற்கமுடியாது. மற்ற வியாபாரிகள் எல்லோரும் தூக்கிப் பார்த்து எடுத்துக்கொண்டு போனபின், கிடக்கிற மிச்சத்தைத்தான் அவன் பொறுக்கவேண்டும். நல்ல சரக்கு இல்லாத கருவாட்டு வியாபாரி சந்தையில் ஈ ஓட்டுகிறவன்தான்.

என் கை அதுவரை தப்பியதில்லை. விலை கூடிய வாளைக் கட்டானாலும் மலிவான சாளைக் கட்டானாலும் முதலில் தூக்குகிறவன் நான். குலசேகரத்திலிருந்து வருகிற ஒரு வியாபாரி, ரப்பர் தோட்டத்து ஆட்களுக்குக் கருவாடு விற்கிறவன், எனக்குப் பின்னால் நின்று என் தோளைப் பார்த்தே எந்தக் கட்டு நல்லது என்று தெரிந்துகொள்வான். அப்பேர்ப்பட்ட கை குழாய்க்குள் வெள்ளையாய் மிதந்தது என்றால் நான் எப்படிப் பயப்படாமல் இருப்பேன்?

என் மூளை ஒரு கணக்குப் போட்டது. மீனைத் தின்றால் சதை வரும். மீன் நின்றுவிட்டது, ஆகவே வரத்து இல்லை. கீழே ஒழுக்கு இருக்கிறது. பத்தாயத்தில் நெல் வரத்து நின்றால் குடித்தனக்காரன் என்ன செய்வான்? இருப்பைப் பூட்டிவைப்பான். நானும் பூட்டினேன். வலதுகையால் செம்பைத் தூக்குவதில்லை, கதவைத் தள்ளுவதில்லை, வெற்றிலைகூட இடிப்பதில்லை. சோறு அள்ளுவதற்கு மட்டும் அந்தக் கைக்கு உத்தரவு. மிச்ச நேரமெல்லாம் அதை ஒரு தலையணைமேல் ஜமீன்தார் மாதிரி சாய்த்து வைத்திருந்தேன்.

வீக்கம் சீக்கிரமே வற்றிவிட்டது. நான் எழவில்லை.

"வீக்கம்தான் வத்தியாச்சே. எழும்பிக் கெணத்தில ரெண்டு தோண்டி வெள்ளம் கோரித் தாருங்களேன்" என்றாள் மனைவி.

"ஏட்டி, இருக்குத சதையை வெள்ளம் கோரிச் செலவழிக்கச் சொல்லுதியா?"

"செலவழிக்காம என்னத்துக்கு வச்சிருக்கிய? உப்புப் போட்டுக் காயவைக்கவா?"

"உப்புதான் கூடாதுன்னு சொல்லியிருக்காவளே" என்றேன். நான் அப்போதே அவ்வளவு புத்திசாலி.

சாப்பாட்டு விஷயத்தில் நான் காட்டிய திமிரைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. உப்பில்லாத கஞ்சியை என் மனைவி கொண்டுவந்து வைத்தால், மூன்று கை அள்ளிவிட்டுத் தள்ளிவிடுவேன். மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கைப் பார்த்தால் வேட்டிக்குப் போடுகிற கட்டிக்கஞ்சி ஞாபகம் வரும். கீரையை 'புல்' என்றேன். வாழைக்காயை 'விறகு' என்றேன். அந்த ஒரு பிடிப் பயறு, அவித்து, தேங்காய் திருவிப் போட்டு, கிண்ணத்தில் அழகாக வரும். நான் அதை ஜன்னல் வழியே முற்றத்துக்குத் தட்டிவிடுவேன். எங்கள் வீட்டுக் கோழி ஜன்னலுக்குக் கீழே தினமும் சரியான நேரத்துக்கு வந்து நிற்கப் பழகிக்கொண்டது. கோழி கொழுத்தது. முட்டை பெரிதாயிற்று. முட்டையை என் மச்சினன் பச்சையாக உடைத்துக் குடித்தான். என் பயறு என் வீட்டிலேயே இன்னொருவன் தோளில் போய் ஏறிக்கொண்டிருந்தது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

மச்சினன் என்றது என் மனைவியின் தம்பியை. எங்களோடுதான் இருந்தான். தேகப்பயிற்சியில் பைத்தியம் பிடித்தவன். காலையில் முற்றத்தில் ஒரு வேட்டித் துண்டைக் கட்டிக்கொண்டு கருங்கல்லைத் தூக்கித் தூக்கிப் போடுவான். நடக்கும்போது இரண்டு கையும் உடம்பில் ஒட்டாது, கக்கத்துக்கொரு பலாக்காய் வைத்தவன்மாதிரி. நான் கட்டிலில் கிடந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் புஜத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, செத்த வீட்டில் விசாரிக்கிற குரலில் சொன்னான்:

"அத்தான், சதைக்குச் சதைதான் வேணும். புல்லைத் தின்னா புல்லுதான் மொளைக்கும்."

"நம்ம வண்டிக்காளை என்னலே திங்குது? அயிலையா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் அவன் அக்காள்.

"மாட்டுக்கு வேற மாதிரி வயிறாக்கும்."

"ஒங்க அத்தானுக்கும் கிட்டத்தட்ட அதேதான். நாள் முழுக்க கெடந்து அசை போடத்தானே செய்யாரு."

நான் மச்சினன் கட்சியில் சேர்ந்துகொண்டேன். அவனுக்குத் தோள் இருந்தது, அவளுக்கு நியாயம் மட்டும்தான் இருந்தது. இப்படிப்பட்ட சமயத்தில் ஆம்பிளைகள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு கேவலமும் உண்டு. கட்டிலைக் கருவாடு அடுக்குகிற அறைக்கு மாற்றச் சொன்னேன். தின்னத்தானே தடை, மோந்து பார்க்கத் தடை இல்லையே. அந்த வாசனையில் ஏதாவது கொஞ்சம் சத்து இருந்து, மூக்கு வழியாகப் புகுந்து, தோளுக்கு இறங்காதா என்று ஒரு நப்பாசை. இரவெல்லாம் நெத்திலிக் கட்டின்பக்கம் தலையை வைத்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். எங்கள் பூனை என்னைத் தொழில் போட்டிக்காரனாகப் பார்த்து முறைத்தது. பகலில் இடதுகையால் வலது புஜத்தைச் சுற்றிப் பிடித்து அளந்து பார்ப்பேன். கட்டைவிரலும் நடுவிரலும் முன்பு தொடாது. இப்போது கிட்டக்கிட்ட வந்தன. பார்த்தாயா, நான் சொன்னேனே, கரைகிறது! மேலும் அசையாமல் படுத்தேன். அசையாமல் படுக்கப் படுக்க விரல்கள் மேலும் நெருங்கின. ஒரு மடையன் தன் மடத்தனத்துக்குத் தானே சாட்சி தயார் செய்வது இப்படித்தான்.

இதற்கிடையில் வியாபாரம் நடக்கவேண்டுமே. மச்சினனைக் கரைக்கு அனுப்பினேன். "கட்டைத் தூக்கிப் பாரு. கனம் தோளுக்கு ஏறிச்சின்னா விட்டுடு" என்று சொல்லிக்கொடுத்தேன். வண்டி நிறையச் சரக்கோடு வந்தான். முகத்தில் பெருமை. "அத்தான், ஒண்ணுகூட தோளுக்கு ஏறல. எல்லாம் பஞ்சுமாதிரி இருந்துது" என்றான். கருங்கல்லைத் தூக்கிப் பழகியவனுக்கு உலகத்தில் எதுதான் தோளுக்கு ஏறும்? குலசேகரத்துச் சந்தையில் பாயை அவிழ்த்தபோது நாற்றம் நாலு கடை தள்ளியிருந்த மிளகாய் வியாபாரியை எழுந்து ஓடவைத்தது. வாளை முழுக்க வெள்ளைப் பூஞ்சை. சாளைக்குள் புழு ஊர்வலம்.

இந்த இடத்தில் யோசிக்கத் தெரிந்தவன் மச்சினனைத் திட்டியிருப்பான். நான் கரையைத் திட்டினேன். நான் படுத்துவிட்டேன் என்று தெரிந்ததும் ஈரக் கட்டுகளைத் தள்ளிவிட்டார்கள், மொத்தக் கரையும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டினேன். அடுத்த தடவை நானே புறப்பட்டேன். வலதுகையைத் துண்டில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்தவர், "எலும்பு முறிவா?" என்று விசாரித்தார். "அதைவிடப் பெரிசு" என்றேன்.

கரையில் என்னிடம் பல வருஷமாகக் கட்டு விற்றுவந்தவள் ஒரு அக்காள். கட்டைக் குரல், கூர்மையான கண். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே சத்தம் போட்டாள்:

"ஓய் வியாவாரி! இதென்ன கோலம்? கருவாடு எடுக்க வந்தீரா, கருவாட்டுகூடக் கெடந்து காய வந்தீரா?"

பெண்கள் சிரித்தார்கள். குலசேகரத்துக்காரனும் அங்கே நின்றான், வழக்கம்போல எனக்குப் பின்னால். எனக்குக் கோபம் ஏறியது. துண்டைப் பிரித்தேன். முதல் கட்டின் கயிற்றைப் பிடித்துத் தூக்கினேன். கனம் முழங்கைக்கு ஏறியது, தோளுக்கு ஏறியது, கழுத்து நரம்பைப் பிடித்துக் காதுக்குள் கூவியது.

"ஈரம்" என்றேன்.

அடுத்த கட்டு. "ஈரம்."

அதற்கடுத்த கட்டை முட்டுக்கு மேல் கொண்டுவரவே முடியவில்லை. "எக்கா, கடலையும் சேத்துச் சுருட்டி வச்சிட்டியா?"

அவள் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். பாய் விரிந்தது. ஒரு சாளையை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்து ஒடித்தாள். சுள்ளி முறிகிற சத்தம்.

"ஈரமா இது? கடிச்சுப் பாரும்."

"எனக்குப் பத்தியமாக்கும்" என்றேன். இந்த இடத்தில் கரை முழுக்க வெடித்த சிரிப்பு, அலைச் சத்தத்தை ஒரு நிமிஷம் இல்லாமல் ஆக்கிவிட்டது.

இரண்டாவது கட்டையும் அறுத்தாள். மூன்றாவதையும் அறுத்தாள். எல்லாம் சுள்ளி. குலசேகரத்துக்காரன் நாலாவது கட்டைக் கேட்காமலே ஒரு கையால் தூக்கி, நிறுத்தி, கீழே வைத்தான். "காஞ்சது" என்றான், என்னைப் பார்க்காமல்.

"அண்ணைக்கு ஒம்ம மச்சினன் வந்தான்" என்றாள் அவள். "முந்தின நாள் மழையில நனைஞ்ச கட்டுகளை நான் தனியா மாத்தி வச்சிருந்தேன். இதுவும் லேசு, இதுவும் லேசுன்னு அதை முழுக்க எடுத்தான். வேண்டாம் மக்கான்னு சொன்னேன். கேக்கல்ல. இண்ணைக்கு நீரு வந்து மூணு நல்ல கட்டை அறுக்க வச்சீரு. எங்களைக் கள்ளின்னு சொல்லத்தானே வந்தீரு?"

நான் துண்டை எடுத்துக் கையில் மறுபடி சுற்றினேன்.

"பெறத்தால நில்லும்" என்றாள்.

அவ்வளவுதான், முன்வரிசை போயிற்று. குலசேகரத்துக்காரன் என்னைத் தாண்டி முன்னால் வந்தான். வாளை முழுவதையும் எடுத்தான், நல்ல சாளையையும் எடுத்தான். மற்றவர்கள் எடுத்தார்கள். எனக்கு மிச்சம் கிடைத்தது, வாய் திறந்து கிடந்த அந்த மூன்று கட்டும் கொஞ்சம் பொடிமீனும்.

வீட்டுக்கு வந்து என் கடைசி ஆசைகளைச் சொல்லத் தொடங்கினேன். என் மனைவி முழுக்கக் கேட்கவில்லை. "சாவுததுக்கு முந்தி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சாவுங்க" என்று சொல்லி, என்னை மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

டாக்டர் மறுபடியும் குழாயைச் சூடாக்கினார். இந்த முறை லேசாக ஒரு புகைமாதிரிதான் திரண்டது. "நல்லாக் கொறஞ்சிருக்கே, கொள்ளாம்" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. சட்டையைக் கழற்றிக் கையைக் காட்டினேன்.

"ஒழுக்கு கொறஞ்சிருக்காம்! அப்பம் இது எங்க போச்சு?"

அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு விசாரணை தொடங்கியது.

"சோறு நெறையத் தின்னீரா?"

"உப்பில்லாம எறங்கல்ல. அரை வயிறு."

"கிழங்கு?"

"அதுவும் அப்படித்தான்."

"ஒரு பிடி பயறு சொன்னேனே?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "கோழி தின்னுது டாக்டரே."

"வேலை?"

"படுத்திருந்தேன். சேமிச்சு வச்சேன்" என்றேன், எவ்வளவு கம்பீரமாகச் சொல்லமுடியுமோ அவ்வளவு கம்பீரமாக.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். அப்படியில்லை, திட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஓய், மூத்திரத்தில ஒழுகினது ஒம்ம புஜமில்ல. அப்படிக் கையே கரைஞ்சு போவும்னா இந்த ஆஸ்பத்திரிக்கு வாறதில பாதிப்பேரு முண்டமாத்தான் திரும்பிப் போவான். அடுப்புக்கு வெறகு போடல்லன்னா ஒடம்பு என்ன செய்யும்? உத்தரத்தை உருவிப் போட்டு எரிக்கும். சோறும் கிழங்கும் தேங்காயும் வெறகாக்கும். பயறு ஒடைஞ்ச இடத்தை அடைக்கதுக்கு. அதைக் கோழிக்குப் போட்டீரு. பெறவு கையைத் தலையணையில கெடத்தி வச்சீரு. அசையாத கைக்கு ஒடம்பு எதுக்குய்யா சதையை வச்சு ஊட்டும்?"

"மீன் ஒரு துண்டு…"

"மீனு கேட்டா இந்தக் குழாயை ஒம்ம வாயில ஊத்துவேன். வயிறு நெறையத் தின்னும், பயறை நீரு தின்னும், கைக்கு வேலை குடும். இண்ணைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கூடக் கொஞ்சம். போவும்."

வரும் வழியில் என் மனைவி ஒரு படி பயறு வாங்கி என் வலதுகையில் தூக்கக் கொடுத்தாள். அப்போது அவள் பார்த்த பார்வையில் எவ்வளவு இளக்காரம் இருந்தது என்பதைக் கல்யாணம் ஆனவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அடுத்த நாளிலிருந்து தின்றேன். பயறு ருசியாக இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. உப்பில்லாத பயறு உப்பில்லாத பயறுதான். எலுமிச்சை பிழிந்து, பச்சைமிளகாயைக் கசக்கிப் போட்டால் நாக்கு கொஞ்ச நேரம் ஏமாறும். மரச்சீனியை அவித்துத் தேங்காயும் சீரகமும் நசுக்கிப் போட்டுக் கிளறித் தந்தாள். சக்கைக்கொட்டை, அதுதான் பலாக்கொட்டை, சுட்டுத் தந்தாள். வயிறு நிறையத் தின்றேன். கோழி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, கொஞ்ச நாளில் நம்பிக்கையிழந்து போய்விட்டது.

வேலை என்றால் முதலில் கிணற்றில் வெள்ளம் கோருவது. பாதித் தோண்டியையே இரண்டு தடவை கிணற்றுக்குள் நழுவவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் மரச்சீனி மூடு கொத்தினேன். பிறகு எனக்கே ஒரு யோசனை வந்தது. கரையில் கட்டுகிற அதே பாயில், உலர்ந்த கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, நறுக்கிப் போட்டு, கொஞ்சம் மணலும் சேர்த்து, கட்டுமாதிரி இறுக்கினேன். ஒரே மாதிரி சில கட்டுகள். அவற்றில் ஒன்றை மனைவி தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து, வெளிப்பாயைத் துடைத்து, வரிசையில் கலந்து வைப்பாள். நான் தூக்கிப் பார்த்துச் சொல்லவேண்டும்.

"இது?"

"ஈரம்."

"காஞ்சதாக்கும். இது?"

"இதுவும் ஈரம்."

"ஒங்களுக்கு எல்லாமே ஈரம்தான். இது?"

"காஞ்சது."

"இதைத்தான் முக்கினேன். கீழ பாருங்க, சொட்டுது."

பக்கத்து வீட்டார் வேலியில் வந்து நின்று பார்த்தார்கள். கருவாட்டு வியாபாரி புத்தி பேதலித்துத் தேங்காய் மட்டைக்கு விலை பேசுகிறான் என்று ஊரில் செய்தி பரவியது. மச்சினன் ஒரு நாள், "நான் சொல்லுகேன் பாருங்க" என்று முன்னால் வந்து எல்லாக் கட்டையும் ஒரே விரலில் தூக்கி, எல்லாம் காய்ந்தது என்றான். அவனுடைய அக்காள் முக்கின கட்டை அவிழ்த்து அவன் காலில் கொட்டினாள். அதோடு அவன் தன் கருங்கல்லுக்கே திரும்பிப் போனான். இன்றைக்கும் அதைத்தான் தூக்கிக்கொண்டிருக்கிறான். எதற்கு என்று அவனுக்கும் தெரியாது, கல்லுக்கும் தெரியாது.

எனக்குப் பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. இரவில் திருட்டுத்தனமாக விரலால் கையை அளப்பேன். ஒரு வாரம் ஒன்றும் மாறாது. இது டாக்டர் பேச்சு, பயறாவது சதையாவது என்று தோன்றும். மீன்கறி கொதிக்கிற வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வரும். அப்போதெல்லாம் எழுந்து போய் இருட்டில் ஒரு கட்டைத் தூக்கி, ஒரு மூச்சு நிறுத்தி, வைத்துவிட்டு வந்து படுப்பேன். மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் மனைவி முக்கின கட்டை நான் தவறாமல் கண்டுபிடிக்கத் தொடங்கினேன். அவள் தண்ணீரைக் குறைத்தாள். பாய்க்குள் ஒரு கை தண்ணீர் தெளித்தாலும் எனக்குத் தெரிந்தது. அந்தச் சமயமெல்லாம் மீன் இல்லை, முட்டை இல்லை, மோர்கூட இல்லை.

கரைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன், பின்வரிசையில். மற்றவர்கள் எடுத்துப் போனபின் கிடக்கிற கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்குவேன். அவசரக்காரர்கள் தாண்டிப் போனதில் சில நல்ல கட்டுகள் இருந்தன. ஒரு நாள் குலசேகரத்துக்காரன் தூக்கிப் பார்த்து, ஈரம் என்று சொல்லத் துணியாமல் ஒதுக்கிவிட்டுப் போன சாளைக் கட்டு ஒன்று. நான் தூக்கினேன். கொஞ்சம் கனம்தான். ஆனால் அந்தக் கனம் கைப்பிடியைத் தாண்டவில்லை. மீன் நெருக்கி அடுக்கியிருந்தது, அவ்வளவே.

"காஞ்சது" என்றேன்.

"அறுத்துக் காட்டட்டா?" என்றாள் கட்டு விற்கிற அக்காள், கத்தியில் கை வைத்து.

"வேண்டாம்."

அவள் கத்தியிலிருந்து கையை எடுத்தாள். "இப்பம் என்னத்தைய்யா திங்கீரு?"

"பயறு."

"பயறு தின்னுட்டா இந்தக் கட்டைத் தூக்கினீரு?"

"கூடக் கொஞ்சம் மரச்சீனியும்."

"சவம்" என்றாள் அவள். பயறையா என்னையா என்று நான் கேட்கவில்லை. தக்கலையில் அந்தக் கட்டை அவிழ்த்தேன். அடியிலிருந்த மீன்வரைக்கும் சுள்ளி.

அந்த வருஷக் கடைசியில் அவள், பின்வரிசையில் நின்ற என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, சாளைக் கட்டு ஒன்றை என் முன்னால் தள்ளினாள். வேறு யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு சில மாதம் கழித்துத்தான் டாக்டரின் குழாயில் நீர் கொதித்தும் தெளிவாகவே நின்றது. வாரத்துக்கு ஒரு தடவை ஒரு துண்டு மீன் தின்னலாம் என்றார். அதற்குள் என் கட்டைவிரலும் நடுவிரலும் கையைச் சுற்றித் தொடமுடியாதபடி பழைய தூரத்துக்குப் போய்விட்டிருந்தன.

வாளைக் கட்டு எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதை இன்றைக்கும் குலசேகரத்துக்காரன்தான் முதலில் தூக்குகிறான். சாளைக் கட்டை நான் தூக்குகிறேன்.